ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட்: தனியாகவும் வரிசையில் வைத்தும் படிக்க ஒரு வழிகாட்டி

ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் அடிக்கடி இடம்பெறும் ஷேக்ஸ்பியர் சானெட்டுகளில் 73ஆவது ஒன்று. சானெட் என்பது பதினான்கு அடிகள் கொண்ட பாட்டு வடிவம். இலையுதிர்காலம், அந்தி, அணையும் நெருப்பு என மூன்று காட்சிகளைக் காட்டி, முடிவை நெருங்கிக்கொண்டிருக்கும் தன்னை நண்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லும் பாட்டு அது. தனியாகப் படிப்பவருக்கு, முதுமையை ஏற்றுக்கொண்ட ஒருவர் நிதானமாக விடைபெறுவதாகத் தோன்றும். அதே பாட்டை 72க்கும் 74க்கும் நடுவில், அது முதலில் அச்சான இடத்தில் வைத்துப் படித்தால் அந்த நிதானத்தை அவ்வளவு எளிதில் நம்ப முடியாது. முந்தைய பாட்டில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அடுத்த பாட்டில் கேட்கப்போவதற்கு வழி செய்யும் பேச்சாக அது தெரியத் தொடங்கும். இரண்டு வாசிப்பும் செல்லுபடியாகும். ஆனால் பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுவதால், அதை ஒழுங்காகச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் போகும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பள்ளி அளவு ஆங்கிலம் தெரிந்து, சானெட் என்னும் வடிவத்துக்குப் புதியவராக இருப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் வேண்டியது 154 சானெட்டுகளும் எண் வரிசையில் உள்ள முழுப் பதிப்பு. தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்பு இந்தப் பயிற்சிக்கு உதவாது. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் முழுப் பாடத்தையும் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. தொடங்குவதற்கு அதுவே போதும். அச்சு நூலாக வாங்க நினைப்பவர்கள் 1977இல் யேல் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்டீஃபன் பூத்தின் பதிப்பைத் தேடலாம். 1609ஆம் ஆண்டு அச்சின் படமும் இன்றைய எழுத்துக்கூட்டலில் அமைந்த பாடமும் அதில் எதிரெதிரே இருக்கும். அதன் பின்பகுதியிலுள்ள உரைக் குறிப்புகள் மிக விரிவானவை. முதல் வாசிப்பில் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

பாட்டின் மேல் எண் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தாமஸ் தோர்ப் வெளியிட்ட 1609 அச்சில் எந்தப் பாட்டுக்கும் தலைப்பு கிடையாது. 1640இல் ஜான் பென்சன் என்ற பதிப்பாளர் பாட்டுகளை வரிசை மாற்றி, இரண்டு மூன்றை ஒன்றாக ஒட்டி, தாமாகவே தலைப்புகளும் சூட்டி ஒரு நூல் கொண்டுவந்தார். 1780இல் எட்மண்ட் மலோன் என்ற அறிஞர் பழைய வரிசையை மீட்டுத் தரும்வரை பல தலைமுறை வாசகர்கள் பென்சன் கலைத்துப்போட்ட வடிவத்திலேயே இவற்றைப் படித்தார்கள். எண்ணும் வரிசையும் சிறிய விஷயங்களல்ல என்பதற்கு இந்த வரலாறே சான்று. நூலின் முகப்பில் 'மிஸ்டர் டபிள்யூ. ஹெச்.' என்பவருக்கு ஒரு காணிக்கை இருக்கும். அவர் யார் என்ற ஆராய்ச்சிக்கு எல்லையே இல்லை, முடிவும் இல்லை. புதியவர் அதில் ஒரு நிமிடமும் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வாய்விட்டுப் படித்தல்

பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் பாட்டை முதலில் ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஒவ்வோர் அடியிலும் பத்து அசைகள் உண்டு. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஐந்து சீர்களாகும். ஒவ்வொரு சீரிலும் முன் அசை மெலிந்தும் பின் அசை அழுந்தியும் ஒலிக்கும். தமிழ் யாப்பில் அசை எழுத்தின் அளவைப் பொறுத்தது, ஆங்கிலத்தில் சந்தம் குரல் விழும் அழுத்தத்தைப் பொறுத்தது. இது பழகாததால் எல்லா அசைகளுக்கும் ஒரே எடை கொடுத்து நாம் ஆங்கிலப் பாட்டைப் படித்துவிடுகிறோம். அப்படிப் படித்தால் ஓசை பிடிபடாது. முதலடியை இப்படித் துண்டாக்கிச் சொல்லிப் பாருங்கள்: தட் டைம் / ஆஃப் இயர் / தௌ மேஸ்ட் / இன் மீ / பிஹோல்ட். ஒவ்வொரு துண்டின் பின்பாதியில் குரலை ஊன்றினால் அடி நடக்கத் தொடங்கும்.

இந்த நடை பழகிய பிறகு நான்காம் அடியைப் படியுங்கள். அது 'பேர் ரூயின்ட்' என்று இரண்டு அழுத்தங்களை அடுத்தடுத்து வைத்துத் தொடங்குகிறது. 'ஸ்வீட் பெர்ட்ஸ் ஸாங்' என்று மூன்று அழுத்தங்களை நிரையாக வைத்து முடிகிறது. மூன்று அடிகளாக ஒழுங்காக வந்த ஓட்டம் இங்கே தடைப்பட்டு மெதுவாகும். அந்த இடத்தில் நாக்கு தானாகவே நிதானித்தால் சரியாகப் படிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

அடுத்து அடியிறுதிகளைக் கவனியுங்கள். நம் யாப்பில் இயைபு என்று சொல்லும் இறுதி ஒலி ஒப்புமைதான் சானெட்டைத் தாங்கி நிற்கும் சட்டம். எதுகை மோனைக்குப் பழகிய காது அடியின் தொடக்கத்தையே நாடும். இங்கே அதை அடியின் முடிவுக்குத் திருப்ப வேண்டும். ஒத்த ஒலிகளுக்கு ஒரே எழுத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் அ ஆ அ ஆ, இ ஈ இ ஈ, உ ஊ உ ஊ, எ எ என்று வரும். அதாவது மூன்று நாலடிப் பகுதிகளும் கடைசியில் ஓர் ஈரடியும். சரே பிரபு ஹென்றி ஹவர்ட் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலத்துக்கென்று வகுத்த அமைப்பு இது. அவருக்கும் அவர் காலத்துக் கவி தாமஸ் வையட்டுக்கும் முன்மாதிரியான இத்தாலியக் கவி பெத்ரார்க்காவின் சானெட் எட்டடியும் ஆறடியுமாகப் பிரியும். அந்த எட்டடிக்கும் சேர்த்து இரண்டே இயைபுகள். இத்தாலிய மொழியைப் போல இயைபுச் சொற்கள் கொட்டிக்கிடக்காத ஆங்கிலத்தில் அது கடினம் என்பதால், ஏழு இயைபுகளுக்கு இடம் தரும் அமைப்பு வேரூன்றியது. (தமிழில் பரிதிமாற் கலைஞர் பதினான்கடிப் பாட்டுகளை எழுதிப் பார்த்திருக்கிறார்; ஆனால் அவ்வடிவம் இங்கே நிலைக்கவில்லை.)

நான்கு துண்டுகளாகப் பிரித்தல்

இப்போது பென்சிலை எடுத்து 4, 8, 12ஆம் அடிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு, 'என்னிடம்' என்று பொருள்படும் 'இன் மீ' வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். 1, 5, 9 ஆகிய மூன்று அடிகளிலும், அதாவது ஒவ்வொரு பகுதியின் வாயிலிலும் அது நிற்கும். அதோடு சேர்ந்து வரும் வினைகளையும் குறியுங்கள்: நீ காணலாம், நீ காண்கிறாய், நீ காண்கிறாய், ஈரடியில் நீ உணர்கிறாய். 'காணலாம்' என்ற தயக்கம் 'காண்கிறாய்' என்ற உறுதியாகி, 'உணர்கிறாய்' என்று உள்ளே போகிறது. இந்த நான்கு வினைகளுக்கும் எழுவாய் நண்பன். பேசுபவர் தம்மைக் கிழவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை; நண்பனின் கண்ணுக்குத் தாம் எப்படித் தெரிகிறோம் என்பதைத் தாமே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தனியாகப் படிக்கும்போது எளிதில் தப்பிப்போகும் செய்தி இது; பின்னால் வேண்டியிருக்கும்.

முதற்பகுதியின் கருத்து ஏறத்தாழ இது: 'மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமே இல்லாமல், அல்லது ஒரு சில, குளிரில் நடுங்கும் கிளைகளில் தொங்கும் பருவத்தை நீ என்னிடம் காணலாம், அண்மைவரை இனிய பறவைகள் பாடிய, இடிந்து வெறுமையான பாடகர் கூடங்கள் அக்கிளைகள்.' இலைகளைச் சொல்லும் வரிசையில் நின்று பாருங்கள். உதிர்வதை வரிசைப்படி சொல்பவர் மஞ்சள் இலைகள், பிறகு சில, பிறகு ஒன்றுமில்லை என்று இறங்கிக்கொண்டு போவார். இவரோ மஞ்சள் என்று சொல்லி, உடனே ஒன்றுமே இல்லை என்று கடைக்கோடிக்குப் போய், அங்கிருந்து 'அல்லது ஒரு சில' என்று திரும்பி வருகிறார். மரத்தை அண்ணாந்து பார்த்து, எல்லாம் போய்விட்டது என்று சொன்னவரின் கண்ணில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இலைகள் பட்டதுபோல் இருக்கிறது. முழுவதும் முடிந்துபோயிற்று என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பதை இந்த ஒரு வரிசை மாற்றமே காட்டிக்கொடுக்கிறது. மூன்று காட்சிகளிலும் எதிலும் முடிவு இன்னும் வந்துவிடவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக் கவனிக்கலாம்: சில இலைகள் மிச்சம், மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம், சாம்பல்மேல் தணல் மிச்சம்.

பாடகர் கூடம் என்று நான் சொன்னது, தேவாலயத்தில் பாடகர் குழு அமரும் பகுதியை. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைப் பறித்துக்கொண்டார். பல மடங்களின் கூரை ஈயம் உரிக்கப்பட்டு, கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஷேக்ஸ்பியர் பிறந்த 1564இலும் அதற்குப் பின்னும், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நின்ற சுவர்கள் நாட்டில் பல இடங்களில் இருந்தன. ஆகவே இலையற்ற கிளைகளை இடிந்த கூடம் என்று சொன்னபோது அன்றைய வாசகருக்கு அது கண்ணால் கண்ட காட்சி. வில்லியம் எம்ப்சன் 1930இல் வெளியிட்ட தம் திறனாய்வு நூலில் இந்த ஓர் அடிக்கே காரணங்களை அடுக்கிக் காட்டினார்: இரண்டும் பாடும் இடங்கள், இரண்டிலும் வரிசையாக அமர்வார்கள், பாடகர் இருக்கைகளும் மரத்தால் ஆனவை, சூழ்ந்திருந்த வண்ணக் கண்ணாடிகள் இலைகளைப் போன்றவை, இப்போது இரண்டும் வெறுமை. ஒரு சுவையான செய்தி: 'இடிந்த' என்று நாம் படிக்கும் சொல் 1609 அச்சில் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே விழுந்திருக்கிறது. அதை இன்றுள்ள வடிவுக்குத் திருத்தியது, வரிசையைக் கலைத்ததற்காக மேலே குறை சொன்ன அதே 1640 பதிப்புதான்.

இரண்டாம் பகுதியில் சூரியன் மறைந்தபின் மேற்கில் மங்கும் வெளிச்சம் வருகிறது. கரிய இரவு அதைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு போகிறது. அந்த இரவு மரணத்தின் மறுவடிவம், எல்லாவற்றையும் ஓய்வில் வைத்து முத்திரையிடுவது. மரணம் என்ற சொல் பாட்டில் முதன்முறையாக வருவது இந்த எட்டாம் அடியில்தான், அதுவும் உவமையின் ஓரத்தில்.

மூன்றாம் பகுதியில் தமிழ் வாசகர் ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தன் இளமையின் சாம்பல்மேல் கிடக்கும் நெருப்பு என்றதும் நமக்கு நீறுபூத்த நெருப்பு நினைவுக்கு வரும். நம் வழக்கில் அது உள்ளே கனன்றுகொண்டு, ஊதினால் எரியக் காத்திருப்பது. இங்கே அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. நெருப்பு சாம்பலுக்குக் கீழே ஒளிந்திருக்கவில்லை, சாம்பலின்மேல் மரணப் படுக்கையில் கிடப்பதுபோல் கிடக்கிறது. அந்தச் சாம்பல் நேற்று அதை வளர்த்த விறகு. எது ஊட்டியதோ அதனாலேயே தின்னப்படுகிறது என்று 12ஆம் அடி முடிகிறது. மூன்று காட்சிகளையும் அடுக்கிப் பார்த்தால் காலம் ஓர் ஆண்டிலிருந்து ஒரு நாளுக்கும், ஒரு நாளிலிருந்து அடுப்பில் சில நாழிகைக்கும் குறுகிக்கொண்டே வருவது தெரியும். இலையுதிர்காலத்துக்குப்பின் வசந்தம் உண்டு, அந்திக்குப்பின் விடியல் உண்டு. எரிந்து முடிந்த விறகுக்கு அடுத்த சுற்று கிடையாது. மூன்றும் ஒரே கருத்தின் மூன்று உவமைகள் என்று தேர்வு விடைகளில் எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான்.

ஈரடி சொல்வது: 'இதை நீ உணர்கிறாய், அதனால் உன் அன்பு இன்னும் வலுவாகிறது, விரைவில் நீ விட்டுப் பிரிய வேண்டியதை நன்றாக நேசிப்பதற்கு.' இங்கே இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாகப்போகிறவர் பேசுபவர் என்றால், பிரிபவர் அவரல்லவா, நண்பன் விட்டுப் பிரிவதாக ஏன் சொல்கிறார்? நண்பன் விட்டுப் பிரிய வேண்டியது பேசுபவரையா, அல்லது அவனுக்கும் ஒருநாள் கழிந்துபோகப் போகும் அவன் இளமையையா? உரையாசிரியர்கள் இரண்டு பக்கமும் உண்டு. பாட்டுக்குள்ளேயே விடை தேடிச் சலித்தபின் பக்கத்தைத் திருப்புங்கள்.

முன்னும் பின்னும் செல்லுதல்

71, 72, 73, 74 ஆகிய நான்கையும் ஒரே அமர்வில், நிறுத்தாமல் படிக்க வேண்டும். மொத்தம் 56 அடிகள். பத்து நிமிடம்கூட ஆகாது.

71 இப்படிப் போகிறது: நான் இறந்தால், சாவு மணி ஒலிக்கும் நேரத்துக்கு மேல் எனக்காக அழாதே. இந்த அடியைப் படிக்க நேர்ந்தாலும் இதை எழுதிய கையை நினைக்காதே. என் பெயரைக்கூட உச்சரிக்காதே, உன் அன்பும் என் உயிரோடு போகட்டும். இல்லாவிட்டால் இந்த அறிவாளி உலகம் உன் புலம்பலைக் கவனித்து, என்னை வைத்து உன்னை எள்ளும். அந்தக் கடைசிக் கருத்தையே எடுத்துக்கொண்டு 72 தொடங்குகிறது: அவனிடம் அப்படி என்ன தகுதி கண்டு நேசித்தாய் என்று உலகம் உன்னைக் கேட்டுவிடாதிருக்க, என்னை முழுக்க மறந்துவிடு. 71இன் ஈரடியில் வந்த 'உலகம் … செய்துவிடாதபடி' என்ற தொடர் அப்படியே 72இன் முதலடியில் ஏறியிருக்கும். அந்தாதியில் பழகிய நமக்கு இந்தக் கோப்பு புதிதல்ல. ஆங்கிலச் சானெட் நூல் முழுவதும் இப்படி அமைவதில்லை என்பதால் வரும் இடத்தில் கவனிக்க வேண்டும். 72 தன்னை மிகவும் தாழ்த்திக்கொண்டு முடிகிறது: நான் வெளிக்கொணர்பவற்றால் எனக்கே வெட்கம், ஒன்றுக்கும் உதவாதவற்றை நேசிப்பதற்காக நீயும் வெட்கப்பட வேண்டும்.

இப்போது 72இன் கடைசி அடியையும் 73இன் கடைசி அடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முன்னது உதவாதவற்றை நேசிப்பதைப் பற்றியது, பின்னது பிரிய வேண்டியதை நன்றாக நேசிப்பதைப் பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டிலும் 'நேசிக்க' என்ற அதே வினை வடிவம் வந்து அடியைத் தாங்குகிறது. ஒரு பக்கம் முன்பு, என்னை நேசிப்பது உனக்கு வெட்கக்கேடு என்றவர், பதினான்கு அடிகள் கடந்ததும், நீ என்னை முன்னைவிட வலுவாக நேசிக்கிறாய் என்கிறார். மற என்ற கட்டளை 73இல் எங்குமே இல்லை. பார், பார், உணர் என்பதே உள்ளது. தனியாகப் படித்தபோது நிதானமாகத் தோன்றிய பேச்சுக்கு இங்கே வேறொரு வேலை இருக்கிறது. நண்பனின் பார்வை எங்கே விழ வேண்டும் என்று பேசுபவரே சொல்லிக்கொடுத்தார் என்று மேலே குறித்தோம் அல்லவா, அதன் பயன் இதுதான்: அவர் அன்பைக் கேட்கவில்லை, அது ஏற்கெனவே வளர்ந்துவிட்டதாக அறிவித்துவிடுகிறார்.

74 'ஆனால்' என்று தொடங்குகிறது. முந்தைய பாட்டு இல்லாமல் அந்த 'ஆனால்' தொங்கிக்கொண்டு நிற்கும். விரைவில் பிரிய வேண்டியதை என்று 73 முடிந்ததும், 'ஆனால் மனம் தேறு' என்று தொடர்கிறது 74. பிணையே இல்லாத ஒரு கைது என்னைக் கொண்டுபோகும்போதும் இந்த அடியில் என் வாழ்வுக்கு ஒரு பங்கு இருக்கிறது, அது நினைவாக உன்னோடு தங்கும் என்கிறார். கைது, பிணை, பங்கு, மண்ணுக்குச் சேர வேண்டியது என்று நீதிமன்றத்துச் சொற்கள் நிறைந்த பாட்டு இது. மண் தன் பங்கான மண்ணை எடுத்துக்கொள்ளட்டும், என் உயிர், என் மேலான பகுதி, உன்னுடையது என்று சொல்லி, அந்த மேலான பகுதி இந்தக் கவிதைதான் என்று முடிக்கிறார். தாம் வெளிக்கொணர்பவை வெட்கக்கேடு என்று 72இல் சொன்னவர் இவர்தான்.

நான்கையும் படித்து முடித்தபின் 71க்குத் திரும்பி, 74இலும் வரும் சொற்களைத் தேடுங்கள். புழுக்கள் இரண்டிலும் வரும். மண் இரண்டிலும் வரும், 71இல் 'களிமண்' என்ற சொல்லாக. 'இந்த அடி' என்ற தொடர் இரண்டிலும் வரும். முன்னதில், இந்த அடியைப் படித்தால் எழுதிய கையை மற என்பதற்காக, பின்னதில், இந்த அடியில்தான் நான் இருக்கிறேன் என்பதற்காக. நான்கும் ஒரு கட்டாக நிற்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. என்னை மற என்று கேட்பதற்கே பதினான்கு அடி இயைபோடு எழுதுபவர் உண்மையிலேயே மறக்கப்பட விரும்புகிறாரா என்ற ஐயம் 71ஐத் தனியே படித்தாலும் எழலாம். 74 அந்த ஐயத்தை உறுதியாக்குகிறது. இவற்றுள் 72 ஏனையவற்றின் உயரத்துக்கு வரவில்லை என்பது என் மதிப்பீடு. ஆனாலும் அதைத் தாண்டிப் போய்விட்டால் 73இன் ஈரடி எதற்கு மறுமொழி என்பது தெரியாமல் போகும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். அந்தக் கால ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க 'தௌ', 'யூ' என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. 71, 72 இரண்டும் நண்பனை 'யூ' என்கின்றன. 73, 74 இரண்டும் 'தௌ' என்கின்றன. 75 மீண்டும் 'யூ' என்கிறது. நம் நீ, நீங்கள் வேறுபாட்டை அப்படியே இதன்மேல் ஏற்றி, இங்கே நெருக்கம், அங்கே மரியாதை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்த நூலில் அந்த மாற்றம் எப்போதும் அவ்வளவு ஒழுங்காகப் பொருள் தருவதில்லை. ஆனால் நால்வரிசைக்குள் 71-72 ஓர் இணை, 73-74 ஓர் இணை என்று பிரித்துக் காட்ட இது நம்பத் தகுந்த துணைச் சான்று. 75ஐயும் ஒருமுறை படித்துவிடுங்கள். உயிருக்கு உணவு எப்படியோ அப்படி என் எண்ணங்களுக்கு நீ என்று அது வேறு பேச்சைத் தொடங்குகிறது. சாவும் சாம்பலும் அங்கே இல்லை. கட்டு எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

முழு நூலில் இந்தக் கட்டின் இடம்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1 முதல் 126 வரையிலான பாட்டுகள் பெரும்பாலும் ஓர் இளைஞனை (மேலே நண்பன் என்றது இவனையே) நோக்கியவை என்றும், 127 முதல் 152 வரையிலானவை கருநிறக் கண்களும் கூந்தலும் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியவை என்றும் கொள்வது வழக்கம். கடைசி இரண்டும் காதல் தெய்வம் கியூப்பிட்டைப் பற்றிய கதைப் பாட்டுகள். முதல் 17, மணம்புரிந்து பிள்ளை பெற்று உன் அழகை நிலைநிறுத்து என்று இளைஞனை வற்புறுத்துகின்றன. 18 முதல் அந்தப் பொறுப்பைக் கவிதை ஏற்றுக்கொள்கிறது. 60களில் காலத்தின் அழிவு வேலை ஓங்குகிறது. 62இல் கண்ணாடியில் தம் சுருக்கம் விழுந்த முகத்தைப் பார்ப்பவர், 66இல் இவ்வுலகத்தில் சலித்துப் போய்ச் சாவை அழைப்பவர், 71இல் அந்தச் சாவைக் கற்பனை செய்யத் தொடங்குகிறார். 78இல் வேறொரு கவிஞர் போட்டிக்கு வந்துவிடுகிறார். அதற்குச் சற்று முன்பு, தம் கவிதையின் மதிப்பைப் பற்றிப் பேசுபவர் இப்படி ஊசலாடுவது தற்செயலாகத் தோன்றவில்லை.

1609 வரிசை ஷேக்ஸ்பியரே அமைத்ததா, அச்சிட்டவர்கள் அமைத்ததா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். முழு நூலுக்கும் அது திறந்த கேள்வியாகவே இருக்கட்டும். 73-74 போன்ற இணைகளுக்கு அந்த ஐயம் பொருந்தாது, ஏனென்றால் அங்கே இணைப்பு பாட்டின் சொற்களுக்குள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது; நூலின் எந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும் 74இன் 'ஆனால்' 73ஐத் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

பேசுபவரின் முதுமையை வைத்து ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைக் கணக்கிடுவதும் வேண்டாம். 1599இல் வெளியான ஒரு தொகுப்பில் இப்போதைய 138ஆம் சானெட் முதன்முதலாக அச்சேறியது. என் நல்ல நாட்கள் கழிந்துவிட்டன என்று அதிலும் அவர் பேசுகிறார். அப்போது ஷேக்ஸ்பியருக்கு வயது முப்பதுகளின் நடுப்பகுதி. முதிர்ந்தவனாகப் பேசுவது சானெட் மரபில் ஏற்கெனவே இருந்த வேடம். 1591இல் ஃபிலிப் சிட்னியின் சானெட் வரிசை அச்சானதையடுத்து இங்கிலாந்தில் இத்தகைய நூல்கள் பெருகின. சாமுவேல் டேனியலுடையது 1592இலும் எட்மண்ட் ஸ்பென்சருடையது 1595இலும் வந்தன. அவை பெரும்பாலும் எட்டாத பெண்ணொருத்தியைத் துரத்தும் காதலனின் புலம்பல்கள். ஷேக்ஸ்பியரின் நூல் அச்சான 1609இல் அந்த வேகம் அடங்கிவிட்டிருந்தது.

அடுத்த பயிற்சி

73இல் செய்தவற்றை வேறோர் இணையில் நீங்களாகவே செய்துபாருங்கள். 50-51 எளிதானது: முதற்பாட்டில் நண்பனைப் பிரிந்து போகும் வழியில் குதிரை மெல்ல நடக்கிறது, இரண்டாவதில் அந்த மெத்தனத்துக்கு மன்னிப்பு வழங்கி, திரும்பி வரும் வழியில் எந்தக் குதிரையின் வேகமும் போதாது என்கிறார். 5-6 இணையில் 6 'ஆகவே' என்ற தோரணையில் தொடங்கும். 5இல் கோடைப் பூக்களிலிருந்து வடித்துக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்த நறுமணம் என்னவாயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைத் தொடருங்கள். 44-45 சற்றுக் கடினம். ஐம்பூதங்கள் என்று நாம் எண்ணுவதை அவர்கள் நான்காக எண்ணினார்கள். நிலமும் நீரும் கனமானவை, தூரத்தைக் கடக்க முடியாதவை என்று 44 புலம்பி முடிகிறது. 'மற்ற இரண்டும்' என்று 45 தொடங்குகிறது. எந்த இரண்டு என்பதை அந்த அடியே உடனே சொல்லிவிடும். எவற்றைத் தவிர மற்ற இரண்டு என்பதற்கு மட்டும் முந்தைய பாட்டுக்குப் போக வேண்டும்.